எக்ஸ்றேயில் தெரியும் சூரியன்

2019 டிசெம்பர் 26. மட்டக்களப்புக் கரையோரத்தில் அந்தத் தேதிக்கு விளக்கம் தேவையில்லை. சுனாமி வந்து 15 வருடம் நிறைந்த காலை. நாவலடிப் பக்கம் விளக்கேற்றப் போன சனம் திரும்பி வந்து, முற்றத்தில் நின்று கண்ணைச் சுருக்கி மேலே பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு வளையச் சூரிய கிரகணம். யாழ்ப்பாணப் பக்கம் சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிந்தது. எங்களுக்குக் கிடைத்தது பிறை மட்டும்தான்.

எங்கள் வீட்டு அலுமாரிக்குள் அம்மம்மாவின் நெஞ்சு எக்ஸ்றே படம் ஒன்று கிடந்தது. தங்கச்சியின் மகன் அதை உருவிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினான். "அதக் கொண்டு வை மனே, கண்ணப் பழுதாக்காத" என்று அம்மம்மா உள்ளே இருந்து கத்த, நான் ஓடிப்போய்ப் பறித்தேன். பெடியனுக்குச் சரியான கோபம்.

"எக்ஸ்றேயால பாத்தாத்தான் சூரியன் வடிவாத் தெரியுமாம் மாமா."

பறித்தது சரிதான். அந்தக் கறுப்புப் படம் வெளிச்சத்தைக் குறைத்துக் காட்டும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை உள்ளே விட்டுவிடும். விழித்திரைக்கு வலி தெரியாது. அது வெந்துகொண்டிருக்கும்போது பார்க்கிறவர் சிரித்துக்கொண்டு நிற்பார். ஆனால் மருமகன் சொன்ன வசனத்தில் ஒரே ஒரு சொல்லை மாற்றிவிட்டால் அது முழு உண்மை. 'எக்ஸ்றேயால்' அல்ல, 'எக்ஸ்றேயில்'. எக்ஸ்றேயில் பார்த்தால் சூரியனின் ஒரு பாகம் உண்மையிலேயே வடிவாகத் தெரியும். அந்தப் பாகத்தைப் பார்க்கவென்றே சில தொலைநோக்கிகளை விண்வெளிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவனுக்கு அன்று பின்னேரம் சொல்லத் தொடங்கிய கதையைக் கொஞ்சம் ஒழுங்காக இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பாகத்தின் பெயர் கொரோனா. பெயரைக் கேட்டதும் இப்போது எல்லாருக்கும் முகக்கவசம்தான் ஞாபகம் வரும். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு மகுடம் என்று பொருள். நுண்காட்டியில் பார்த்தால் உடம்பைச் சுற்றி முடி சூடினதுபோல இருந்ததால் வைரசுக்கும் அதே பெயரை வைத்தார்கள். சூரியனுடையதுதான் மூத்த கொரோனா. விஞ்ஞானப் பட்டதாரியாக இருந்து தமிழ்ப் பேராசிரியராகி, கலைச்சொல்லாக்கத்திலும் உழைத்த காரைதீவு விபுலானந்த அடிகளின் பக்கத்து ஊர்க்காரன் நான். அந்த உரிமையில் இங்கே மகுடம் என்றே எழுதுகிறேன். இடையில் கொரோனா என்றும் வரும், கோபிக்க வேண்டாம்.

நாம் சூரியன் என்று பார்ப்பது அதன் பிரகாசமான மேற்பரப்பை. அதற்கு வெளியே, இலட்சக்கணக்கான கிலோமீற்றருக்குப் பரந்து கிடக்கும் ஐதான வாயுதான் மகுடம். அது எப்போதும் அங்கேயே இருக்கிறது. ஆனால் மேற்பரப்பின் வெளிச்சத்தில் சுமார் பத்து இலட்சத்தில் ஒரு பங்குதான் அதற்கு. கோயில் திருவிழாவில் கண்ணுக்கு நேரே பெரிய மின்விளக்கு எரியும்போது அதற்குப் பின்னால் பறக்கும் மின்மினி தெரியுமா? தெரியாது. விளக்கை யாராவது மறைத்தால் தெரியும். முழுச் சூரிய கிரகணத்தில் சந்திரன் செய்வது அதைத்தான். வட்டத்தை அப்படியே மூடுகிறது, சுற்றிவர வெள்ளி நிறத்தில் மகுடம் விரிகிறது.

நான் அதைக் கண்ணால் கண்டதில்லை. 2010இலும் 2019இலும் எங்களுக்குக் கிடைத்தவை வளையக் கிரகணங்களின் ஓரத் துண்டுகள். சூரியனின் ஒரு கீற்று வெளியே நின்றாலும் மகுடம் மறைந்துவிடும். 1955 ஜூன் 20இல் முழுக் கிரகணத்தின் பாதை இலங்கைக்கு மேலாகவே போனது. எங்கள் மாவட்டத்துக்கு அடுத்த வீடான பொலன்னறுவைப் பக்கம் வெளிநாட்டு ஆய்வுக் குழுக்கள் கருவிகளோடு வந்து காத்திருந்தன. மேகம் வந்து மூடிவிட்டது. கிரகணத்தை நம்பி வேலை செய்தால் இதுதான் நிலைமை. முழுக் கிரகணம் எவ்வளவு நீண்டாலும் எட்டு நிமிடத்தைத் தாண்டாது, அதற்குள் ஒரு முகில் துண்டு போதும். எல்லாம் கைகூடினாலும் தெரிவது சூரியனின் ஓரம் மட்டுமே. முகத்துக்கு நேரே நிற்கும் மகுடத்தைச் சந்திரனே மறைத்துவிடும்.

சரி, ஓரத்தில் தெரிந்ததை வைத்து என்ன கண்டுபிடித்தார்கள்? ஒரு பெரிய குழப்பத்தை.

1869ஆம் ஆண்டுக் கிரகணத்தில் அமெரிக்க வானியலாளர்களான சார்ல்ஸ் யங்கும் வில்லியம் ஹார்க்னஸும் மகுடத்தின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு மூலகமும் தனக்கென்று சில நிறக் கோடுகளை விடும். உப்புத் தூளை அடுப்பில் போட்டால் மஞ்சளாக எரிவது சோடியத்தின் கோடு. மகுடத்தில் ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. பூமியில் தெரிந்த எந்த மூலகத்துக்கும் அது பொருந்தவில்லை. முந்தின வருடம் சூரிய ஒளியில் கண்ட இன்னொரு புதுக் கோடுதான் பிறகு ஹீலியம் என்ற புது மூலகமாக மாறியது. அதே வழியில் இதையும் புது மூலகம் என்று நம்பி 'கொரோனியம்' என்று பெயர் வைத்தார்கள். ஆவர்த்தன அட்டவணையோ நிரம்பிக்கொண்டே வந்தது. கொரோனியம் உட்கார ஒரு கதிரையும் மிச்சமில்லை.

ஏறத்தாழ 70 வருடம் கழித்து, ஜேர்மனியின் வால்டர் குரோட்ரியானும் சுவீடனின் பெங்ட் எட்லேனும் விடையைப் பிடித்தார்கள். அது புது மூலகமே அல்ல, சாதாரண இரும்பு. ஆனால் 26 இலத்திரன்களில் 13ஐப் பறிகொடுத்த இரும்பு. அணு ஒன்றிலிருந்து ஒன்றிரண்டு இலத்திரனைக் கழற்றுவது சுலபம். 13ஐக் கழற்ற வேண்டுமென்றால் அணுக்கள் பயங்கர வேகத்தில் ஒன்றோடொன்று மோத வேண்டும். அந்த வேகத்துக்கு 10 முதல் 20 இலட்சம் பாகை வெப்பநிலை வேண்டும்.

இங்கேதான் மருமகன் குறுக்கே விழுந்தான். "சூரியன்ட மேல்பக்கம் எவ்வளவு சூடு மாமா?" சுமார் 5,500 பாகை செல்சியஸ். "அப்ப அடுப்ப விட்டுத் தள்ளிப் போகப் போகச் சூடு கூடுதா?" ஓம், அதுதான் பிரச்சினை. வெப்பம் வருவது உள்ளே இருந்து. வெளியே போகப் போகக் குறைய வேண்டும். மேற்பரப்பு வரைக்கும் குறைந்துகொண்டுதான் வருகிறது. அதற்கு மேலே திடீரென்று நூற்றுக்கணக்கான மடங்கு எகிறுகிறது. பத்து வயதுப் பெடியன் கேட்ட அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் முழு விடை இல்லை. அதைத் தேடித்தான் இந்தத் தொலைநோக்கிகள் எல்லாம் மேலே போயின.

ஒரு சின்னத் திருத்தம். 20 இலட்சம் பாகை என்றதும் அங்கே எல்லாம் பொசுங்கிப் போகும் என்று நினைக்கத் தோன்றும். வெப்பநிலை வேறு, வெப்பத்தின் அளவு வேறு. தீபாவளிக்குக் கொளுத்தும் மத்தாப்பின் பொறி ஆயிரம் பாகைக்குக் குறையாது. கையில் பட்டால் சுள்ளென்று ஒரு கடி, அவ்வளவுதான். நூறு பாகைக் கொதிநீர் ஒரு கோப்பை விழுந்தால் தோல் உரிந்துவிடும். பொறியில் சூடு கூட, சரக்குக் குறைவு. மகுடமும் அப்படித்தான். நாம் மூச்சு விடும் காற்றோடு ஒப்பிட்டால் ஆயிரம் கோடி மடங்குக்கும் மேல் ஐதானது. அங்கே துணிக்கைகள் மிகக் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் அசுர வேகத்தில் பறக்கிறது.

இந்த அசுரச் சூட்டிலேயே அதைப் பார்க்கும் வழியும் இருக்கிறது. கொல்லன் பட்டறையில் இரும்பைக் காய்ச்சும்போது முதலில் மங்கல் சிவப்பு, பிறகு செம்மஞ்சள், பிறகு வெள்ளைக்குக் கிட்ட வரும். சூடு ஏற ஏற, பொருள் விடும் ஒளியின் அலைநீளம் குறைந்துகொண்டே போகும். 5,500 பாகையில் இருக்கும் சூரிய மேற்பரப்பு பெரும்பாலும் நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை விடுகிறது. 20 இலட்சம் பாகையில் இருக்கும் வாயுவோ கண்ணுக்குத் தெரியும் நிறங்களை எல்லாம் தாண்டி, ஊதாவையும் புற ஊதாவையும் கடந்து, எக்ஸ் கதிரில் வந்து நிற்கிறது.

இதை மறுபக்கமாகத் திருப்பிப் பாருங்கள். எக்ஸ் கதிரை மட்டும் பார்க்கும் ஒரு கண் நமக்கு இருந்தால் என்ன தெரியும்? மேற்பரப்புக்கு எக்ஸ் கதிர் விடும் அளவுக்குச் சூடு போதாது. ஆகவே கண்ணைப் பறிக்கும் அந்த வட்டம் கரிக்கட்டையாகக் கறுத்துப்போகும். அதற்கு முன்னாலும் சுற்றிவரவும் மகுடம் மட்டும் ஜொலிக்கும். சந்திரன் வந்து மறைக்கத் தேவையில்லை. சூரியன் தன் முகத்தைத் தானே அணைத்துக்கொள்கிறது. ஓரம் மட்டுமல்ல, முகத்துக்கு நேரே நிற்கும் மகுடமும் தெரியும், எட்டு நிமிடம் அல்ல, நாள் முழுக்கத் தெரியும். இந்த விடயத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சூரியனைப் பார்க்கத் தடையாக இருந்தது சூரியனேதான், பார்க்கும் கதிரை மாற்றியதும் அந்தத் தடை போய்விட்டது.

ஆனால் ஏன் விண்வெளிக்குப் போக வேண்டும்? கல்லடிப் பாலத்தில் வைத்துப் பார்க்கக்கூடாதா?

பாலத்தைச் சொன்னதும் பாடுமீன் வராமல் போகாது. பூரணை இரவில் வாவிக்குள் வள்ளத்தில் போய், சத்தம் காட்டாமல் இருந்தாலும் மேலே ஒன்றும் கேட்காது. துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தால் தந்தியை மீட்டினதுபோல ஓசை வரும் என்பார்கள். பாடுவது மீனா, ஊரி என்கிற சிப்பி வகையா என்ற சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். தண்ணீருக்குள் பிறக்கும் ஓசையின் பெரும்பகுதி தண்ணீரும் காற்றும் சந்திக்கும் இடத்தைத் தாண்டுவதில்லை. கேட்க வேண்டுமென்றால் காதை, அல்லது காதுக்குப் பதிலாக ஒரு துடுப்பை, அந்தப் பக்கம் நீட்ட வேண்டும். சூரியனின் எக்ஸ் கதிர் கதையும் இதுதான். நாம் வாழ்வது ஒரு காற்று வாவியின் அடியில். மேலே பாடுவது கீழே இறங்குவதில்லை.

"ஆஸ்பத்திரியில எக்ஸ்றே உடம்புக்குள்ளால போகுதே, காத்துக்குள்ளால போகாதா?" நல்ல கேள்வி. எக்ஸ் கதிர்கள் எல்லாம் ஒரே வலு உடையவை அல்ல. ஆஸ்பத்திரியில் பயன்படுத்துவது வலுவான இனம், தசையைக் கடந்து எலும்பில் தடைப்படும். மகுடம் பெரும்பாலும் விடுவது மென் எக்ஸ் கதிர். தரைமட்டக் காற்றில் அது சில மில்லிமீற்றர் போவதற்குள்ளேயே விழுங்கப்பட்டுவிடும். நம் தலைக்கு மேலே இருக்கும் காற்று முழுவதையும் ஒன்றாகத் திரட்டினால் 10 மீற்றர் ஆழத் தண்ணீரின் எடைக்குச் சமம். அதைக் கடந்து வர ஆஸ்பத்திரி எக்ஸ்றேக்கே வலு போதாது. ஒருவகையில் நல்லது, இல்லையென்றால் நாம் எல்லாரும் நாள் முழுக்க எக்ஸ்றே அறைக்குள் நிற்பதுபோல இருந்திருக்கும்.

ஆகவே துடுப்பை மேலே நீட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியிடமிருந்து கைப்பற்றிய வி-2 ரொக்கெட்டுகளின் தலையில் குண்டுக்குப் பதிலாகக் கருவிகளை வைத்து அமெரிக்கா ஏவியது. 1949 செப்டெம்பரில் ஹேர்பர்ட் ஃப்ரீட்மனின் குழு அனுப்பிய கருவி, சூரியனிலிருந்து எக்ஸ் கதிர் வருவதை உறுதியாகப் பதிவு செய்தது. பதிவுதான், படம் அல்ல. படம் 1960 ஏப்ரலில் வந்தது. அதை எடுத்த கமராவில் வில்லையும் இல்லை, ஆடியும் இல்லை. ஒரு ஊசித்துளை மட்டும்.

ஊசித்துளைக் கமரா எங்களுக்குப் புதிதல்ல. கிடுகுக் கூரையில் ஓட்டை விழுந்தால் தரையில் வட்ட வட்டமாக வெளிச்சம் விழுமே, அந்த ஒவ்வொரு வட்டமும் சூரியனின் படம். நம்பாவிட்டால் கிரகண நாளில் பாருங்கள். அன்று காலை எங்கள் வேப்பமர நிழலுக்குள் நூற்றுக்கணக்கான பிறைகள் மண்ணில் ஆடின. எக்ஸ்றே படத்தைப் பறிகொடுத்த பெடியனைச் சமாதானப்படுத்தியது அவைதான். 1960இல் போன ரொக்கெட்டில் ஒரு சிக்கல். அது சுழன்றுகொண்டே பறந்ததால் படம் வளைந்து வளைந்து இழுபட்டுப் போயிற்று. ஆனாலும் மகுடத்தில் எல்லா இடமும் ஒரே பிரகாசம் இல்லை, சில திட்டுகள்தான் எரிகின்றன என்பது அதிலேயே தெரிந்தது.

ஊசித்துளையில் வெளிச்சம் போதாது. பெரிய, கூர்மையான படம் வேண்டுமென்றால் கதிர்களைத் திரட்டிக் குவிக்க வேண்டும். சாதாரணத் தொலைநோக்கியில் அந்த வேலையைச் செய்வது குழிவான ஆடி. எக்ஸ் கதிரிடம் அது செல்லாது. நேருக்கு நேர் ஆடியில் மோதினால் எக்ஸ் கதிர் திரும்பாது, ஆடிக்குள் புகுந்து அங்கேயே தொலைந்துபோகும். வில்லையும் உதவாது. கண்ணாடிக்குள்ளால் போகும்போது அது வளையவே மாட்டேன் என்கிறது, அதற்குள் விழுங்கப்பட்டும் விடுகிறது.

வழியை வாவிக்கரையில் விளையாடும் பிள்ளைகளே காட்டுவார்கள். தட்டையான ஓட்டுத் துண்டை மேலிருந்து தண்ணீரில் போட்டால் 'டப்' என்று அமிழ்ந்துவிடும். அதே துண்டைக் குனிந்து நின்று, தண்ணீர்மட்டத்தோடு ஒட்டினாற்போலச் சாய்த்து எறிந்தால் தத்தித் தத்திப் போகும். நாலு தத்து, ஐந்து தத்து என்று எண்ணிப் பந்தயம் பிடிப்போம். எக்ஸ் கதிரும் இதே குணம். மிக வழுவழுப்பான உலோகப் பரப்பை ஏறத்தாழ ஒரு பாகைக் கோணத்தில் உரசினாற்போல வந்து தொட்டால், உள்ளே புகாமல் தத்தித் திரும்பும். இரண்டுக்கும் காரணம் வேறு. ஓட்டுத் துண்டைத் தூக்குவது தண்ணீரின் தள்ளல், எக்ஸ் கதிரைத் திருப்புவது உலோகத்தில் நிறைந்திருக்கும் இலத்திரன்கள். ஆனால் 'சாய்ந்து வந்தால் தப்பலாம்' என்ற விதி ஒன்றுதான்.

அப்படியென்றால் ஆடி எப்படி இருக்கும்? தட்டுப்போல இருக்காது. புட்டுக் குழலை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் திறந்த குழல், ஒரு பக்கம் மெல்லிதாக ஒடுங்குகிறது, அதன் உட்சுவர்தான் ஆடி. சூரியனை நோக்கி அதைப் பிடித்தால் கதிர்கள் உட்சுவரை உரசி, சற்றே திரும்பி, தூரத்தில் ஒரு புள்ளிக்குப் போய்ச் சேரும். ஒரு தடவை உரசினால் நடுவில் மட்டும் படம் கூராக வரும், ஓரங்கள் கலங்கிவிடும். 1952இல் ஜேர்மன் இயற்பியலாளர் ஹான்ஸ் வோல்டர் ஒரு தீர்வைச் சொன்னார். பரவளைவு வடிவக் குழல் ஒன்று, அதற்குப் பின்னால் அதிபரவளைவு வடிவக் குழல் இன்னொன்று. இரண்டு தத்தில் படம் ஒழுங்காகிவிடும். வேடிக்கை என்னவென்றால், அவர் தேடியது நுண்காட்டிக்கு ஒரு வழி. வானத்துக்கு அதைக் கொண்டுபோனவர்களில் முதன்மையானவர் ரிக்கார்டோ ஜியாக்கோனி. எக்ஸ் கதிர் வானியலுக்காக அவருக்கு 2002இல் நோபல் பரிசும் கிடைத்தது.

இந்த ஆடிக்கு மினுக்கம் போதாது, அதற்கு மேல் வேண்டும். எக்ஸ் கதிரின் அலைநீளம் ஒன்றிரண்டு நனோமீற்றர், அதாவது சில அணுக்களை வரிசையில் வைத்த நீளம். ஆடியில் அதற்குச் சமமான மேடுபள்ளம் இருந்தாலே கதிர் சிதறிவிடும். நமக்குக் கண்ணாடிபோலத் தெரிகிற பரப்பு எக்ஸ் கதிருக்கு மாங்கேணி மணல்மேடு.

அடுத்தது வடிகட்டி. படத்தைப் பதிவது நம் கைபேசிக் கமராவில் இருப்பதன் உறவுக்காரனான ஒரு சில்லு. அது எக்ஸ் கதிரையும் உணரும், சாதாரண வெளிச்சத்தையும் உணரும். சூரியனின் சாதாரண வெளிச்சமோ வெள்ளம். துளி உள்ளே வந்தாலும் படம் போச்சு. ஆகவே வாசலில் அலுமினியம் பூசிய மெல்லிய படலத்தைக் கட்டுவார்கள். எக்ஸ் கதிர் அதைக் கடந்து போகும், வெளிச்சம் நின்றுவிடும். எக்ஸ் கதிர் கடக்க வேண்டுமென்றால் படலம் எவ்வளவு மெல்லிதாக இருக்க வேண்டும்? தலைமயிரின் தடிப்பில் நூற்றில் ஒரு பங்கும் வராது. அதை ரொக்கெட்டின் உதறலில் கிழியாமல் மேலே கொண்டுபோக வேண்டும், பிறகு வருடக்கணக்கில் வெயிலில் காய வேண்டும். கிழியத்தான் செய்யும். ஜப்பானின் யோக்கோ செய்மதியில் 1992இலும், அதற்கு அடுத்து வந்த ஹினோடேயில் 2012இலும் இந்தப் படலம் பழுதாகி வெளிச்சம் உள்ளே கசியத் தொடங்கியது. தகரக் கூரையில் ஆணி ஓட்டைக்குத் தார் பூசுகிறதுபோல அங்கே ஏறிப் பூச முடியாது. கசிந்த வெளிச்சத்தைக் கணக்கிட்டு, எடுத்த படத்திலிருந்து கழித்துத்தான் வேலையைத் தொடர்ந்தார்கள்.

பெயர் சொல்லிவிட்டேன், ஆகவே அறிமுகம். முதல் பெரிய அறுவடை 1973இல் ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையத்தில் நடந்தது. அந்தக் காலத்தில் படச்சுருள்தான். விண்வெளி வீரர்கள் நிலையத்துக்கு வெளியே இறங்கிப் போய்ச் சுருளைக் கழற்றி எடுத்துவந்தார்கள். 1991 ஓகஸ்ட் மாதம் ஜப்பான் யோக்கோவை அனுப்பியது, பெயருக்குச் சூரியக் கதிர் என்று பொருள். 2006 செப்டெம்பரில் ஹினோடே போனது, அது சூரிய உதயம். ஹினோடேயின் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியை ஜப்பானும் அமெரிக்காவும் சேர்ந்து செய்தன. பூமியின் இரவும் பகலும் சந்திக்கும் கோட்டோரமாகவே, சுமார் 680 கிலோமீற்றர் உயரத்தில், துருவம் விட்டுத் துருவம் சுற்றுகிறது. அந்தப் பாதையில் போனால் வருடத்தில் பல மாதங்கள் சூரியன் மறைவதே இல்லை. அதன் படத்தில் ஒரு புள்ளி சூரியனில் ஏறத்தாழ 700 கிலோமீற்றருக்குச் சமம். பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரை முழு இலங்கையும் அந்த ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். அதைக் கூர்மையான படம் என்கிறார்கள் என்றால் சூரியனின் அளவை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சூரியனை ஆராய இந்தியா அனுப்பிய ஆதித்யா-எல்1 விண்கலத்தைப் பற்றிப் பலர் கேட்பார்கள். 2023 செப்டெம்பர் 2இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. அதன் திட்டப் பணிப்பாளர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகார் ஷாஜி. அதிலுள்ள ஏழு கருவிகளில் இரண்டு எக்ஸ் கதிருக்கானவை. ஆனால் அவை படம் எடுப்பவை அல்ல. முழுச் சூரியனிலிருந்தும் எத்தனை கதிர், எந்த வலுவில் வருகிறது என்று எண்ணுபவை. கல்யாண வீட்டில் வந்தவர்களைக் கமராக்காரர் படம் பிடிப்பது ஒன்று, வாசலில் நின்று மொய் எழுதுவது இன்னொன்று. இரண்டும் வேண்டும்.

படங்களில் என்ன தெரிந்தது? முதலாவது, மகுடம் வாயு மூட்டம் அல்ல, வளைவுகளால் ஆன காடு. பாடசாலையில் காந்தத்தின் மேல் கடதாசி வைத்து இரும்புத்தூள் தூவியிருப்பீர்கள். வில் வில்லாக வரிசைகட்டி நிற்கும். மகுடத்தில் அதே வேலையைச் சுடுவாயுவே செய்கிறது. இலத்திரன் இழந்த அணுக்கள் மின்னேற்றம் கொண்டவை, காந்தப்புலக் கோட்டை விட்டு விலக முடியாது. ஆகவே சூரியனுக்குள்ளிருந்து புலம் எழும்பி வளைந்து திரும்பும் இடமெல்லாம் ஒளிரும் வில்லுகள். மேற்பரப்பில் கறுப்பாகத் தெரியும் சூரியப் புள்ளிகளுக்கு மேலே அவை அடர்த்தியாக நிற்கும்.

இரண்டாவது, ஓட்டைகள். ஸ்கைலாப் படங்களில் மகுடத்தின் நடுவே பெரிய கறுப்பு இடங்கள் தெளிவாகத் தெரிந்தன. அங்கே புலக்கோடுகள் திரும்பி வராமல் வெளியே திறந்து கிடக்கின்றன. கட்டாத மாடு வேலி தாண்டுகிறதுபோல வாயு அதன் வழியே வினாடிக்கு 700, 800 கிலோமீற்றர் வேகத்தில் வெளியேறுகிறது. சூரியன் நம்மைப் பொறுத்துச் சுழல ஏறத்தாழ 27 நாள். அந்த இடைவெளியில் திரும்பத் திரும்பப் பூமியின் காந்தப்புலம் குலுங்குவது ஏன் என்ற பழைய புதிருக்கு விடை இந்த ஓட்டைகளில் கிடைத்தது.

மூன்றாவது, மகுடம் ஒரு நிமிடம் சும்மா இருப்பதில்லை. யோக்கோ பத்து வருடம் விடாமல் பார்த்ததில், 1991இல் கொழுந்துவிட்டு எரிந்த அதே மகுடம் 1990களின் நடுப்பகுதியில் அணைந்த சூள்போல மங்கியது தெரிந்தது. சூரியனின் சுறுசுறுப்பு ஏறி இறங்கும் 11 வருடச் சுழற்சி, கண்ணுக்குத் தெரியும் வட்டத்தில் மிகச் சிறு மாற்றம்தான். எக்ஸ் கதிரில் அது இரவும் பகலும்போல.

பெடியனின் கேள்விக்கு வருவோம், வெளியே ஏன் சூடு? காந்தப்புலம்தான் சூட்டைச் சுமந்து போகிறது என்பதில் இப்போது பெரிய சண்டை இல்லை. எப்படிச் சுமக்கிறது என்பதில்தான் இரண்டு கட்சி. ஆட்டிவிட்ட கயிற்றில் அலை ஓடுவதுபோலப் புலக்கோடுகளில் அலை ஓடி மேலே போய்ச் சூடாகிறது என்பது ஒன்று. கீழே கொதிக்கும் வாயு புலக்கோடுகளை முறுக்கிப் பின்னிவிடுகிறது, அவை அறுந்து மறுபடி ஒட்டும்போதெல்லாம் சின்னச் சின்ன வெடிப்புகள் நடக்கின்றன என்பது மற்றது. இந்த இரண்டாவதை 1988இல் அமெரிக்க இயற்பியலாளர் யூஜின் பார்க்கர் விரிவாக முன்வைத்தார். ஒவ்வொரு வெடிப்பும் தனியே தெரியாத அளவுக்குச் சிறிது, ஆனால் ஓயாமல் நடப்பது. இரண்டும் சேர்ந்து நடக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. எனக்குப் பார்க்கர் பக்கம் கொஞ்சம் சாய்வு, காரணம் விஞ்ஞானம் அல்ல. வலை பின்னும் ஊரில் பிறந்தவனுக்குச் சிக்கல் விழுந்து அறுவது நன்றாக விளங்கும்.

பெரிய வெடிப்புகள் வேறு. அவற்றை எக்ஸ் கதிரின் அளவை வைத்தே ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று தரம் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு எழுத்தும் முந்தியதைவிடப் பத்து மடங்கு. 2003 நவம்பர் 4இல் நடந்த வெடிப்பில் அளக்கும் கருவியே நிரம்பி முட்டிவிட்டது. அந்தக் கதிர் பூமிக்கு வர எட்டு நிமிடம் இருபது வினாடி. வந்ததும் பகல் பக்கத்தில் மேல்வளியின் அணுக்களிலிருந்து இலத்திரனைத் தட்டிவிடும். உடனே சிற்றலை வானொலி மங்கும், சிலவேளை முற்றாக நின்றுபோகும். வாழைச்சேனையிலிருந்து ஆழ்கடலுக்குப் போய்ப் பல நாள் தங்கும் இயந்திரப் படகுகள் கரையோடு பேசுவது இந்தச் சிற்றலையில்தான் என்றால், மேலே இருக்கும் அந்தக் கண்களை ஏன் மூடவிடாமல் வைத்திருக்கிறார்கள் என்று விளங்கும்.

யோக்கோ எப்படி முடிந்தது என்று சொல்லவில்லையே. 2001 டிசெம்பர் 14இல் ஒரு வளையச் சூரிய கிரகணம். செய்மதி அந்த நிழலுக்குள் போனது. சூரியனையே பிடிமானமாக வைத்துத் திசை பார்த்துக்கொண்டிருந்த கருவிக்குச் சூரியன் காணாமல் போயிற்று. செய்மதி தடுமாறிச் சுழலத் தொடங்கியது, சூரியத் தகடுகள் வெயிலை விட்டு விலகின, மின்கலம் வற்றியது. பத்து வருடம் கிரகணம் இல்லாமலே மகுடத்தைக் காட்டிய தொலைநோக்கி ஒரு கிரகணத்தில் கண்ணை மூடியது. இதைக் கேட்டதும் மருமகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதுக்கும் ஆரும் மறைக்காம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றான். எக்ஸ்றே படத்தைப் பறித்த கோபம் இன்னும் ஆறவில்லை.

2031 மே 21இல் தென்னிந்தியாவுக்கும் வட இலங்கைக்கும் மேலாக அடுத்த வளையக் கிரகணம் போகிறது. எங்களுக்கு மறுபடியும் பிறைதான். அதற்குரிய கண்ணாடி வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அம்மம்மாவின் படம் இப்போது அலுமாரியில் இல்லை. அவருடைய தலையணைக்கு அடியில் இருக்கிறது.